வேனை ஆம்புலன்ஸ் ஆக்குவது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி கட்ட வருகிறவர்களில் டிரஸ்ட்காரர்கள் உண்டு, ஜமாத்து ஆட்கள் உண்டு, சின்னதாக நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் உண்டு, லோன் போட்டு ஒரு வண்டி இறக்க நினைக்கும் டிரைவரும் உண்டு. ஆனால் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டறை வாசலில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவே அரைகுறையாகச் சொல்கிற பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறோம்.

மாருதி ஈகோ வேன் போதுமா, டாடா விங்கர் எடுக்கலாமா, இல்லை ஃபோர்ஸ் டிராவலருக்கே போய்விடலாமா?

முதலில் வண்டியை மறந்துவிடுங்கள். யாரை ஏற்றப்போகிறீர்கள்? எங்கிருந்து எங்கே? இதை முடிவு செய்யாமல் வேனை வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்களுக்குத்தான் பிறகு செலவு இரட்டிப்பாகிறது.

வேலூரில் ஆம்புலன்ஸ் என்ற ஒரே பெயரில் நாலு விதமான வேலை நடக்கிறது. காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் ஜார்க்கண்ட், வங்காள நோயாளியை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து லாட்ஜுக்கோ கொண்டுபோய் விடுவது ஒன்று. அவரால் நடக்க முடியாது, ஆனால் அந்த அரை மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து வராது. சந்துக்குள் நுழைந்து திரும்பும் சின்ன வண்டிதான் இதற்கு வேண்டும். ஈகோ தாராளமாகப் போதும்.

இரண்டாவது, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை விபத்து. அடிபட்டவரை அசையாமல் தூக்கி, ராணிப்பேட்டை சி.எம்.சி. வளாகத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டும். மூன்றாவது, வென்டிலேட்டரோடு ஒரு ஐ.சி.யூ.விலிருந்து இன்னொரு ஐ.சி.யூ.வுக்குப் போவது. இந்த இரண்டிலும் உள்ளே இருக்கும் ஆள் வேலை செய்தாக வேண்டும். ஈகோவின் கூரை தாழ்வு. முதுகை வளைத்து உட்கார்ந்தபடி நோயாளியின் நெஞ்சை அழுத்த முடியாது, அழுத்தினாலும் பலன் இருக்காது. நிமிர்ந்து நிற்க இடமுள்ள விங்கர், டிராவலர் ரகம்தான் சரி.

நான்காவது, நம்ம ஊருக்கே உரிய வேலை: சிகிச்சை முடிந்தவரை, அல்லது இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பப்பட்டவரை, கொல்கத்தா, அசாம் வரை கொண்டுபோய் விடுவது. அதற்குத் தனியாகப் பதில் சொல்லியிருக்கிறோம்.

ஏ, பி, சி, டி என்று வகை சொல்கிறார்களே?

ஏஐஎஸ் 125 என்ற இந்திய விதிமுறை ஆம்புலன்ஸ்களை நாலாகப் பிரிக்கிறது. ஏ வகை, முதலுதவி ஆளை ஸ்பாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி. பைக்காகக்கூட இருக்கலாம், நோயாளியை ஏற்றுவதற்கானது அல்ல. பி வகை, அவசரம் இல்லாத நோயாளியை ஏற்றிச் செல்வது. சி வகை அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது. டி வகை வென்டிலேட்டர், மானிட்டர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் எல்லாம் உள்ள உயர்நிலை வண்டி. மேலே சொன்ன காட்பாடி வேலை பி; நெடுஞ்சாலை வேலைக்குக் குறைந்தது சி; ஐ.சி.யூ. மாற்றத்துக்கு டி.

பி வகைக்கான உள்கட்டு, மேலே டி வகைக்கான ஸ்டிக்கர் என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்து தருவதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய டெம்போ டிராவலரை ஆம்புலன்ஸாக மாற்ற முடியுமா?

ஆணி அடிப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அனுமதி வாங்கிச் செய்த மாற்றத்தையும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 17 பேர் உட்காரும் வண்டியில் சீட்டுகளைக் கழற்றினால் தரையில் பழைய போல்ட் ஓட்டைகள் நிற்கும். மழைத்தண்ணீர் அங்கே இறங்கியிருக்கும். தரைவிரிப்பைத் தூக்கினால் துரு. பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி. அலமாரி மாட்டப் பிடிமானம் இருக்காது. கண்ணாடியை அடைத்துத் தகடு போட்டு, தூண் கொடுத்து, தரையை மாற்றி முடிக்கும்போது, புது ஷெல் வண்டிக்கு (உள்ளே சீட் எதுவும் இல்லாத வெற்றுக் கூடு) முன்பணமே கட்டியிருக்கலாம் என்று தோன்றும். பழைய வண்டி என்றால் எங்கள் முதல் பதில் எப்போதும் ‘வேண்டாம்’தான்.

புதிதாக எடுப்பவர்கள், கம்பெனி ஆம்புலன்ஸுக்கென்றே தரும் வெற்று வண்டியை எடுப்பது நல்லது. பாடியைத் தனியாகக் கட்டினால் பாடி கட்டியவர், வண்டி விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் படிவம் 22-ஏ-யில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போட மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். வண்டியைச் சோதித்துச் சான்று தரும் மையங்களில் நமக்குப் பக்கம் ஒரகடத்தில் இருப்பதுதான். புனே வரை போக வேண்டியதில்லை.

கம்பெனியிலேயே முழு ஆம்புலன்ஸாக வாங்கினால் வரி குறைகிறதாமே?

ஆம்புலன்ஸுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. கோவிட் நேரத்தில், 2021இல், சில மாதங்களுக்கு மட்டும் 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ஆனால் இதில் ஒரு வாசகம் இருக்கிறது: தேவையான பொருத்துதல் எல்லாம் வண்டி தயாரித்த தொழிற்சாலையிலேயே முடிந்து வெளியே வந்த ஆம்புலன்ஸுக்குத்தான் அந்த இனம் பொருந்தும். வேனாக வாங்கி எங்களிடம் கட்டினால், வேனுக்கு எந்த வரியோ அது ஒரு பில், கட்டுமானம் இன்னொரு பில். கணக்குப் போட்டுப் பாருங்கள். பி வகை போதும் என்பவர்களுக்குக் கம்பெனி வண்டியே லாபம் என்று நாங்களே சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

ஸ்ட்ரெச்சரைத் தரையில் போல்ட் போட்டால் போதாதா?

எந்தத் தரையில் என்பதுதான் விஷயம். வேனின் தரைத்தகடு மெல்லியது. அதில் நாலு ஓட்டை போட்டு நட்டு முறுக்கினால், ஸ்ட்ரெச்சர் நிற்கும், வண்டி நேராக ஓடும் வரைக்கும்.

ஐரோப்பிய ஆம்புலன்ஸ் விதியான இஎன் 1789, உள்ளே இருக்கும் பொருட்கள் 10 மடங்கு புவியீர்ப்பு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. நம் கணக்கில் சொன்னால், 15 கிலோ மானிட்டர் மோதும் நொடியில் 150 கிலோவாக இழுக்கும். 70 கிலோ ஆள் படுத்திருக்கும் 40 கிலோ ஸ்ட்ரெச்சர் 1,100 கிலோவாக இழுக்கும். பெரிய ஆக்சிஜன் சிலிண்டர், நிரம்பியது, 60 கிலோவுக்கு மேல். அது 600 கிலோவாகி முன்னால் பாய்ந்தால் முதலில் டிரைவர் முதுகில்தான் நிற்கும்.

அதனால் ஸ்ட்ரெச்சர் தளத்தின் போல்ட், தரைத்தகட்டோடு நிற்காமல் அடியில் சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் வரை இறங்க வேண்டும். அது முடியாத இடத்தில் தகட்டுக்கு அடியில் அகலமான எஃகுத் தகடு கொடுத்து விசையைப் பரப்ப வேண்டும். ஓட்டை போடுவதற்கு முன் அடியில் டீசல் டேங்க், பிரேக் லைன் எங்கே ஓடுகிறது என்று படுத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள், சொல்ல வேண்டியிருக்கிறது. மானிட்டரும் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பும் கொக்கியில் தொங்கக் கூடாது, பூட்டும் பிராக்கெட்டில் உட்கார வேண்டும். வெல்க்ரோ பட்டையில் வென்டிலேட்டரைக் கட்டுவது கூடவே கூடாது.

நோயாளியின் தலை டிரைவர் பக்கம், கால் பின் கதவுப் பக்கம். தலைமாட்டில் ஒரு சீட், பக்கவாட்டில் ஒரு சீட், இரண்டுக்கும் பெல்ட். கூட வரும் சொந்தக்காரருக்காக நீளப் பெஞ்சு கேட்பார்கள். பெஞ்சு போடலாம், பெல்ட் இல்லாத பெஞ்சு போட மாட்டோம்.

எத்தனை ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும்?

இதற்கு மட்டும் ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடப் பயணம், இரண்டையும் பெருக்கி, வருவதை இரண்டால் மறுபடி பெருக்குங்கள். அந்த இரட்டிப்பு டிராபிக், பஞ்சர், ஆஸ்பத்திரி வாசலில் படுக்கை கிடைக்காமல் நிற்கும் நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். டி டைப் ஜம்போவில் சுமார் 7,000 லிட்டர். (சிலிண்டரின் பி, டி வேறு; வண்டியின் பி, டி வகை வேறு.) ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் பி டைப் 150 நிமிடத்தில் காலி. வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர் சொச்சம்; பூந்தமல்லி தாண்டி உள்ளே நுழைவதையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 180 நிமிடம், 10 லிட்டர், 1,800. இரட்டித்தால் 3,600. ஆக ஒரு பி டைப் மட்டும் வைத்துக்கொண்டு சென்னை டிரிப் அடிப்பவர் காற்று தீர்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறார். சி, டி வகை வண்டிக்கு இரண்டு டி டைப் நிலையாக, கூடவே ஸ்ட்ரெச்சரோடு இறக்கிக்கொண்டுபோக ஒரு சின்ன சிலிண்டர். மூக்கில் அதிவேகமாகக் காற்று செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர்கூட இழுக்கும். அந்த வேகத்தில் ஒரு டி டைப் இரண்டு மணி நேரம்கூட வராது. அதை வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேஜ் படிப்பது சுலபம். நிரம்பிய சிலிண்டர் சுமார் 150 காட்டும். 75 காட்டினால் பாதி, 50 என்றால் மூன்றில் ஒரு பங்கு. கிளம்பும் முன் டிரைவர் டீசல் முள்ளைப் பார்ப்பதுபோல் அட்டெண்டர் இந்த முள்ளைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் வைக்கும் அறைக்குத் தனிக் கதவு வெளியிலிருந்தே இருந்தால் ஆள் உள்ளே ஏறாமல் மாற்றலாம். மேலும் கீழும் இரண்டு கிளாம்ப். அறையிலிருந்து வெளிக்காற்றுக்குத் துவாரம் கட்டாயம், ஏனென்றால் கசிந்த ஆக்சிஜன் உள்ளேயே தேங்கினால் ஒரு சின்னப் பொறிகூடப் பெரிய தீயாகும். குழாய்க்கு எண்ணெய்ப் பசை நீக்கிய செம்பு. ரெகுலேட்டர் இறுகிவிட்டது என்று கிரீஸ் தடவுகிறவரைக் கையைத் தட்டி நிறுத்துங்கள்: அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். கசிவு பார்க்க எண்ணெய் சேராத சோப்பு நுரை போதும். சிலிண்டரின் உடம்பு கறுப்பு, தோள் வெள்ளை என்றால் ஆக்சிஜன். கழுத்தில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதி ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் ஆகாதா?

ஆகாது. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரம் சைன் அலை அல்ல, படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் அலை. விளக்குக்கும் ஃபேனுக்கும் பரவாயில்லை. சிரிஞ்ச் பம்ப்பும் வென்டிலேட்டரும் அதில் சூடாகும், தப்பு அலாரம் அடிக்கும், சில நேரம் ஓடவே ஓடாது. ப்யூர் சைன் வேவ் என்று எழுதியதையே வாங்குங்கள்.

அடுத்தது வயர். 1,000 வாட் லோடு என்றால் 12 வோல்ட்டில் 83 ஆம்பியர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 95 வரை போகும். வீட்டு வயரிங் பழக்கத்தில் மெல்லிய வயரை இழுத்தால் அது ஹீட்டர் காயில் ஆகிவிடும். 25 முதல் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் குரோமெட். வண்டி தீப்பிடித்தது என்று கேள்விப்படும்போதெல்லாம் நாங்கள் முதலில் யோசிப்பது இந்த குரோமெட்டைத்தான். பத்து ரூபாய் சாமான். அது இல்லாமல் தகட்டின் விளிம்பு ஆட்டத்தில் வயரின் தோலை மெல்ல மெல்ல அறுக்கும்.

பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்று என்ஜின் ஸ்டார்ட்டுக்கு, மற்றது பின் அறைக்கு; நடுவே, ஒன்றின் சார்ஜை மற்றது இழுத்துவிடாமல் பிரிக்கும் ஐசொலேட்டர். ஆஸ்பத்திரி போர்ட்டிகோவில் ஒரு மணி நேரம் மானிட்டரை ஓட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டி, இந்த ஐசொலேட்டர் இல்லாத வண்டிதான். நிற்கும்போது சுவர் பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்ற வெளியே ஒரு சாக்கெட்டும் வையுங்கள். பெட்ரோல் ஜெனரேட்டரை வண்டிக்குள் வைத்து ஓட்டுவது என்ற யோசனையோடு வராதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஏசி அவசியமா?

வேலூர் மே மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது தகரக் கூண்டுக்குள் எவ்வளவு இருக்கும்? முன் ஏசியின் காற்று தடுப்பைத் தாண்டிப் பின்னால் வராது. பின் அறைக்குத் தனி யூனிட் வேண்டும், சுவருக்கும் உள்தகட்டுக்கும் நடுவே இன்சுலேஷன் வேண்டும். இன்சுலேஷனில் மிச்சம் பிடித்தால் எவ்வளவு பெரிய ஏசியும் தோற்கும். இருமலும் சளியுமாக வரும் நோயாளிக்காக, உள்காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் கூரையில் இருக்கட்டும்.

உள்ளே பிளைவுட், சன்மைக்கா போடலாமா?

வேண்டாம். இரத்தமும் கழுவும் தண்ணீரும் விளிம்பில் இறங்கி, ஒரே மழைக்காலத்தில் ஊறி நாறும். எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை) அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பேனல், ஜாயின்ட் இல்லாமல் சுவரில் கொஞ்சம் ஏறி வளைந்து முடியும் வைனில் தரை. ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினாலும் தாங்க வேண்டும்.

சிவப்பு கிராஸ், சைரன், விளக்கு எல்லாம் நம் இஷ்டம்தானே?

இல்லை. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு கிராஸ் என்பது ராணுவ மருத்துவச் சேவைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் உரிய சின்னம். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வேறு யாரும் போடக் கூடாது. வேலூரில் மெடிக்கல் ஷாப் போர்டு முதல் டாக்டர் காரின் கண்ணாடி வரை அது இருப்பது வேறு விஷயம். ஆம்புலன்ஸுக்கு உரியது, ஆறு கை கொண்ட நீல நட்சத்திரமும் அதன் நடுவே கோலைச் சுற்றிய பாம்பும்.

முன்னால் ‘ஆம்புலன்ஸ்’ என்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் திருப்பி எழுத வேண்டும். முன்னால் போகிறவர் தன் ரியர்வியூ கண்ணாடியில் நேராகப் படிப்பதற்காக. ஸ்டிக்கர் கடையில் அவசரத்தில் நேராக ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள், ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரவில் ஒளிரும் பட்டை பக்கவாட்டிலும் பின் கதவிலும் கண்டிப்பாக வேண்டும். ஹைவே ஓரம் நிற்கும்போது பின்னால் வரும் லாரிக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

சைரன் போட ஆம்புலன்ஸுக்கு விதி இடம் தருகிறது. வழி விடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்காகக் காலி வண்டியில் சைரன் அடித்துக்கொண்டு கிரீன் சர்க்கிள் சந்திப்பைக் கடக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதைப் பார்த்துப் பழகிய ஊர்தான் உண்மையான அவசரத்திலும் ஒதுங்காமல் நிற்கிறது.

ஒடுகத்தூர், ஜவ்வாது மலைப் பக்கத்துக்கு எப்படிப்பட்ட வண்டி?

நீள டிராவலர் வேண்டவே வேண்டாம். வளைவில் ஒரே முறையில் திரும்பாது. பொலேரோ, டிராக்ஸ் ரகத்தில் குட்டையான, தரையிலிருந்து உயரமான வண்டி. மேலே கனமான கேரியர், ஏசி யூனிட் என்று ஏற்றாதீர்கள். மலைப்பாதையில் கூரைக் கனம் வண்டியைச் சாய்க்கும். மடக்கும் ஸ்ட்ரெச்சரோடு கூடவே நாலு பேர் தோளில் தூக்கக்கூடிய கேன்வாஸ் ஸ்ட்ரெச்சர் ஒன்றும் இருக்கட்டும். வண்டி போகிற இடம் வேறு, நோயாளி இருக்கிற இடம் வேறு. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் இறந்தது ஊருக்கே தெரியும். அங்கே குறை சாலையில் இருந்தது, எந்த வேனும் அதைச் சரி செய்திருக்க முடியாது. ஆனால் சாலை முடிகிற இடத்தில் கீழே காத்திருக்கும் வண்டியில் என்ன இருக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, சளியை உறிஞ்சும் சக்‌ஷன், ஆக்சிஜன் மூன்றும் இல்லாமல் மலை வண்டி கட்டாதீர்கள். நாகம், கட்டுவிரியன் கடியில் மூச்சுத் தசை தளர்ந்துதான் உயிர் போகிறது.

லீஃப் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது, ஒரு பட்டையைக் கழற்றிவிடுங்கள் என்பார்கள். அதையும் செய்வதில்லை. நல்ல மெத்தையும் ஸ்ட்ரெச்சர் தளத்தின் கீழ் அதிர்வு வாங்கும் ரப்பரும் போட்டுத் தருகிறோம்.

கொல்கத்தா டிரிப்புக்கு என்ன மாற்ற வேண்டும்?

சுமார் 1,700 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலும் ஒரு பகல், ஒரு இரவு, அதற்கு மேலும். இரண்டு டிரைவர், அவர்களில் ஒருவர் படுக்க இடம். கூட வரும் நர்ஸுக்கும் அப்படியே. இதை மறந்துவிட்டு முழு இடத்தையும் அலமாரியாக்கிவிடுகிறார்கள்.

ஆக்சிஜன் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர், 32 மணி நேரம் என்றால் 3,840 லிட்டர்; இரட்டித்தாலும் இரண்டு டி டைப்பில் சமாளிக்கலாம். அதே ஆளுக்கு 10 லிட்டர் என்றால் இரட்டிக்காமலே 19,200. மூன்று ஜம்போ ஏறக்குறைய முழுக்கக் காலியாகும், கனம் மட்டும் 200 கிலோவை நெருங்கும். குறைந்த அளவில் ஆக்சிஜன் வேண்டியவர்களுக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் ஒன்றை இன்வெர்ட்டரில் ஓட்டி, சிலிண்டரைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. அது 350 வாட் அளவில் இழுக்கும், ஆல்டர்னேட்டர் தாங்கும். 10 லிட்டர் தேவைப்படுகிறவரைச் சாலை வழியே ஒன்றரை நாள் கொண்டுபோகலாமா என்பது பட்டறையில் கேட்கும் கேள்வி அல்ல. சிகிச்சை தந்த டாக்டரிடம் கேளுங்கள்.

பச்சிளம் குழந்தைக்கான வண்டி?

முற்றிலும் வேறு. ஏசி குளிர வைக்கிறது என்று பெருமைப்பட்ட அதே வண்டி குறைமாதக் குழந்தைக்கு ஆபத்து. இன்குபேட்டர் இடைவிடாமல் கரண்டு கேட்கும். ஆக்சிஜனோடு அழுத்தக் காற்றும் வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு முழு ஆக்சிஜனைக் கொடுத்தால் கண்ணின் விழித்திரை கெடும், கலந்துதான் கொடுக்க வேண்டும். தனி வண்டியாகக் கட்ட முடியாதவர்கள் இதற்குள் இறங்க வேண்டாம்.

லாரி சேஸிஸில் நடமாடும் கிளினிக், எக்ஸ்ரே வண்டி கட்டலாமா?

கட்டலாம். மருத்துவம் வண்டியேறிப் போவது வேலூருக்குப் புதிதும் இல்லை. சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமச் சாலையோரங்களில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தவர்.

கனம்தான் இங்கே பிரச்சினை. எக்ஸ்ரே அறைக்கு 2 மில்லிமீட்டர் ஈயத் தகடு அடித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிலோ. பத்து சதுர மீட்டருக்கு 230. அதற்குமேல் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், ஆட்கள். ஈயத்தை ஒரே பக்கம் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் வெறும் திரை போட்டால் வண்டி எப்போதும் ஒருக்களித்தே ஓடும். முடித்த வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகப் பார்த்து, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி.யின் அனுமதியும் வேண்டும். மெஷின் வாங்கிய பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள்.

லாரித் தளம் உயரம். ஸ்ட்ரெச்சர் ஏற்றுவதற்கு அது தோதல்ல, ஹைட்ராலிக் லிஃப்ட் கேட்கும். நோயாளி நடந்து ஏறும் கிளினிக்குக்கு அகலப் படியும் இரண்டு பக்கக் கைப்பிடியும் போதும். வருகிறவர்களில் பாதிப்பேர் மூட்டுவலிக்காரப் பாட்டிகள் என்பதை நினைத்துப் படியின் உயரத்தை வையுங்கள்.

அதே வண்டியில் இறந்தவரையும் கொண்டுபோகலாமா?

நடைமுறையில் நடக்கிறது. எங்கள் கருத்து, கூடாது. ஃப்ரீசர் பெட்டி ஏற்ற ஸ்ட்ரெச்சர் தளத்தைக் கழற்றி மாட்டுவார்கள். நாலாவது தடவை போல்ட் மரை தேய்ந்துவிடும், அடுத்து அதில் உயிருள்ளவர் படுப்பார். அமரர் ஊர்தி தனி வண்டியாக இருக்கட்டும். அதற்கு ஆக்சிஜனும் வேண்டாம், மானிட்டரும் வேண்டாம், பழைய வண்டியே போதும்.

பர்மிட், எஃப்.சி., லைசென்ஸ், டோல்?

ஆம்புலன்ஸுக்கு மட்டுமே பயன்படும் வண்டிக்கு 66ஆம் பிரிவில் பர்மிட் விலக்கு உண்டு. ஆனால் அது போக்குவரத்து வாகனம்தான், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று உண்டு. புது வண்டிக்கு முதலில் இரண்டு வருடம், எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து விலக்கு. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது. பள்ளிகொண்டா, வாலாஜா டோலில் கட்டணம் இல்லை, ஆனால் ஆர்.சி.யில் ஆம்புலன்ஸ் என்று இருக்க வேண்டும், கதவில் எழுதியிருப்பது செல்லாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது உள்ளே பொருத்திய கருவிகளின் மதிப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை டெலிவரி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பெயின்ட்டைப் பிறகு பாருங்கள். உங்களில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்து பெல்ட் போட்டுக்கொள்ளட்டும், இன்னொருவர் தலைமாட்டு சீட்டில். ஏசி, சக்‌ஷன், இன்வெர்ட்டர், எல்லா விளக்கும் ஒன்றாக ஓடட்டும். வாங்கப்போகும் மானிட்டரின் எடைக்கு ஒரு மணல் மூட்டையைப் பிராக்கெட்டில் கட்டுங்கள். ஆரணி ரோட்டில் அடுக்கம்பாறை வரை போய்த் திரும்புங்கள். வேகத்தடைகள் தாராளமாகக் கிடைக்கும், நடுவில் ஆள் இல்லாத இடத்தில் ஒருமுறை அழுத்தி பிரேக் போடுங்கள். படுத்திருந்தவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே இடித்தது, எங்கே காற்று வரவில்லை, எந்தக் கதவு தானாகத் திறந்தது. இன்வெர்ட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. ஆக்சிஜன் கேஜின் முள் கிளம்பும்போது எங்கே இருந்ததோ, வால்வைத் திறக்காத வரை, அங்கேயே இருக்க வேண்டும். எதிலாவது குறை இருந்தால் மிச்சப் பணத்தைக் கட்டாமல் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். எங்கள் பட்டறை என்றாலும் அப்படியே செய்யுங்கள்.